கண்ணும் காண்பானும்

காண்பது கண்ணோ, கண்ணைக் கருவியாகக் கொண்ட உயிரோ என்னும் வினா சித்தாந்த நூல் பயில்வார்க்குப் புதியதன்று. கண் தொழிற்படும் முறை பற்றிய ஆராய்ச்சியும் அவ்வினாவை ஒட்டியே வளர்ந்துளது.

யவன தேசத்துப் பிளேட்டோ, கண்ணகத்துள்ள மெல்லிய தீயொளி வெளிப்போந்து புறவொளியோடு கலந்து பொருளைப் பற்றும் என்றார். நம் நாட்டு நையாயிகரும், கண் தேயுவின் காரியமாதலின் அதன் கதிர் பொருள்வரை சென்று பொருந்தும் என்றனர். கி. பி. 2-ஆம் நூற்றாண்டில் காலென் என்னும் மருத்துவர், நுண்ணிய வாயுவொன்று மூளையினின்று பார்வை நரம்பின் துளைவழியே கண்ணை அடைந்து, புறத்துள்ள காற்றையும் உணர்வுடையதாக்கும் எனக் கொண்டார்.

கண்ணினின்று ஒன்று புறம்போகும் என்னும் இக்கொள்கையை மறுத்தவருள் தலைசிறந்தவர், பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம் (ஏறத்தாழ 965-1040). ஞாயிற்றை உற்று நோக்கின் கண் நோகின்றது. இமை மூடிய பின்னும் அவ்வொளியின் சுவடு நிற்கின்றது. ஒளி புறத்தினின்று வந்து கண்ணைத் தாக்காதாயின் இவை நிகழா என்பது அவர் வாதம். ஆயினும் அவ்வொளியை உணர்வது விழிவில்லையே என அவர் கருதினார். 1543-ல் உடற்கூற்று நூல் வெளியிட்ட வெசாலியஸ், பார்வை நரம்பில் காலென் கூறிய துளையைக் கண்டிலர். 1604-ல் கெப்ளர், வில்லை ஒளியைக் குவிப்பதே என்றும், உருவம் விழித்திரையில் தலைகீழாக வீழும் என்றும் கணித முறையால் விளக்கினார். அவ்வுருவம் உயிர்க்குப் புலனாவது எவ்வாறு என்பதையோ அவர் தத்துவ நூலாரிடம் விட்டுவிட்டார். நரம்பின் இயக்கம் வாயுவினாலன்று, மின்னினால் என்னும் ஆராய்ச்சிக்கு, 1791-ல் கால்வானி வெளியிட்ட தவளைச் சோதனைகள் வழி திறந்தன.

ஈண்டுச் சைவர் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. கட்கதிர் புறஞ்செல்லும் என்னும் கொள்கை சோதனையால் வீழ்ந்துவிட்டது. பழைய தருக்க நூல்கள் கூறின என்பதுபற்றி அதனை இன்றும் நாட்ட முயல்வது உண்மை நாடுவார்க்கு அழகன்று. சித்தாந்தம் அதன்மேல் நிற்பதும் அன்று. கண் கருவி, காண்பது ஆன்மா, ஆன்மாவும் இறைவன் காட்டவே காணும் என்பதே அதன் துணிபு. காட்சிக்கு இடம் விழிவில்லை என்றவர் பின்னர் விழித்திரை என்றனர். அதன்பின் மூளையும் வேண்டும் எனக் கண்டனர். இவையெல்லாம் கருவியின் இயல்பை மேன்மேலும் தெளிவித்தன. இவ்வாராய்ச்சியால் ஆன்மா நிறுவப்பட்டது எனலும் மிகை. மறுக்கப்பட்டது எனலும் மிகை.