மரச்சட்டக் காரை இன்றைய சாலைக்கு ஏற்ப மாற்ற முடியுமா? அந்தமான் மரமும் இந்தியச் சட்டமும் சொல்வது என்ன?

ஸ்ரீ விஜயபுரம்: பழைய காரைப் புதுப்பிக்க விரும்புவோர் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே முதலில் பேசுவர். ஆனால், உடற்பகுதியில் மரச்சட்டம் கொண்ட எஸ்டேட் கார் என்றால் முதல் கேள்வி வேறாகிறது. அந்த மரம் அழகுக்காக ஒட்டப்பட்டதா, அல்லது காரின் பின்பகுதியையே தாங்கி நிற்கிறதா? இக்கேள்விக்கான விடையே, அந்தக் காரில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத் தீர்மானிக்கிறது.

இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, பிரிட்டனின் மோரிஸ் மைனர் டிராவலர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948-இல் அறிமுகமானது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதே காரை இந்தியாவில் 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது. இதன் எஸ்டேட் வடிவமான டிராவலர் 1953 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்டது.

தாங்கும் மரமா? ஒட்டிய மரமா?

டிராவலர் காரின் முன்பகுதியும் தரைப்பகுதியும் எஃகால் ஆனவை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள உடற்பகுதியோ, ஆஷ் மரச்சட்டத்தில் அலுமினியத் தகடுகளைப் பொருத்திக் கட்டப்பட்டது. கூரையின் பின்பகுதி, பக்கச் சன்னல்கள், இரண்டாகத் திறக்கும் பின்கதவுகள் ஆகிய அனைத்தையும் அந்தச் சட்டமே தாங்குகிறது. பிரிட்டனின் வாகனத் தகுதிச் சோதனையிலும் இந்த மரம் காரின் கட்டமைப்பில் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. எனவே, மக்கிப்போன சட்டத்துடன் கார் சோதனையில் தேறுவது கடினம்.

அமெரிக்காவில் கதை வேறு விதமாக முடிந்தது. அங்கு உண்மையான மரச்சட்டத்துடன் பெரிய அளவில் தயாரான கடைசி ஸ்டேஷன் வேகன்களில் ஒன்று, 1953-ஆம் ஆண்டின் பியூக் ரோட்மாஸ்டர். அதன் பின்னர் முழு உடலும் எஃகுக்கு மாறியது. மரத்தின் தோற்றம் மட்டும் வினைல் தாளாகத் தகட்டின் மேல் ஒட்டப்பட்டது. 1991 வரை விற்பனையான ஜீப் கிராண்ட் வேகனீர் காரின் பக்கங்களில் தெரிந்த 'மரம்' அத்தகையதே.

ஒட்டிய தாளை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டலாம். தாங்கும் சட்டத்தை அவ்வாறு மாற்ற முடியாது. நம் ஊர்களில் மரத்தால் லாரிகளுக்கு உடற்கூடு கட்டும் தச்சர்கள் இந்த வேறுபாட்டை நன்கு அறிவர். ஒரு சட்டம் தளர்ந்தால் அதன் சுமை அடுத்த சட்டத்தின் மீது ஏறும்.

மரம் எங்கே மக்குகிறது?

மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தாண்டும்போது பூஞ்சை வளரத் தொடங்குகிறது. டிராவலர் காரில் தண்ணீர் தேங்கும் இடங்கள் மூன்று: சன்னல் கண்ணாடி நகரும் தடம், பக்கச் சட்டத்தின் அடிக்கட்டை, பின்சக்கர வளைவை ஒட்டிய பகுதி. வெளியே வார்னிஷ் பளபளப்பாகத் தெரியும்போதே உள்ளே மரம் மக்கியிருக்கக்கூடும். அதனால், பழைய டிராவலர் ஒன்றை வாங்குவோர் பார்க்க வேண்டிய இடம் மேற்பூச்சு அல்ல, அந்த அடிக்கட்டைதான்.

அந்தமான் போன்ற தீவில் இச்சிக்கல் பன்மடங்காகும். அங்கு இரு பருவமழைகளும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றில் உப்பும் உண்டு. எஃகுத் திருகாணியும் அலுமினியத் தகடும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால், அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் பயன்படுத்தினால் மட்டும் போதாது. இரு உலோகங்களுக்கும் இடையே ரப்பர் அல்லது நைலான் தடுப்பும் தேவை.

படாக்: சிறந்த மரம், எட்டாத மரம்

ஆஷ் மரம் அதிர்ச்சியைத் தாங்கும். நீராவியில் காட்டி வளைக்கவும் எளிது. கருவிகளின் கைப்பிடிகளுக்கு அது விரும்பப்படுவது இதனால்தான். எனினும், ஈரத்துக்கும் பூச்சிக்கும் அது எளிதில் இரையாகும்.

இதற்கு நேர்மாறானது அந்தமான் படாக். நம் வேங்கை, செஞ்சந்தனம் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த இம்மரம், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மாநில மரமாகும். அதன் சிவந்த வைரப்பகுதியைக் கரையான் எளிதில் அண்டாது. ஈரத்தில் அதிகம் உப்புவதோ, வெயிலில் அதிகம் சுருங்குவதோ இல்லை. ஆஷ் மரத்தைவிடச் சற்றுக் கனமானது என்பதே குறை. 1883-இல் தொடங்கப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலையில் அறுக்கப்பட்ட புகழ்பெற்ற மரங்களுள் படாக்கும் ஒன்று.

அப்படியானால், மரச்சட்டக் காருக்குப் படாக் பொருத்தமானது அல்லவா? பொறியியல் நோக்கில் ஆம். ஆனால், அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2001, 2002-ஆம் ஆண்டுகளில் பிறப்பித்த உத்தரவுகள் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தன. தீவு மக்களின் உண்மையான உள்ளூர்த் தேவையே அவற்றில் முன்னுரிமை பெற்றது. பெருநிலப்பகுதிக்கு மரம் அனுப்புவதும் தடுக்கப்பட்டது. ஒரு காரின் அழகுக்காகத் தளரக்கூடிய கட்டுப்பாடு அல்ல இது. தீவின் காடும் நீரும் அதனுடன் பிணைந்துள்ளன.

பெருநிலப்பகுதியில் கைக்கு எட்டும் மாற்று, தோட்டங்களில் வளர்ந்த தேக்கு அல்லது பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தேக்குக் கட்டைகள். தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டும் பரப்பைக் கரைப்பானால் துடைத்த பின்னரே பசை இட வேண்டும். இல்லையெனில் பொருத்துகள் விட்டுவிடும்.

சட்டத்தின் இரு வாசல்கள்

மரத்தைச் சரிசெய்த பின் எழுவது சட்டக் கேள்வி. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கான கட்டணம் ரூ.20,000. டிராவலர் தயாரிப்பு 1971-இலேயே நின்றுவிட்டதால், வயதுத் தகுதியில் சிக்கல் இல்லை.

நிபந்தனைகள் இரண்டு. வாகனம் அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். அதன் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு அன்றி, அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக்கூடாது. எனவே, மரச்சட்டத்தை அகற்றி எஃகுச் சட்டம் பொருத்தினால் இந்த வாசல் மூடிவிடும்.

மின்சாரக் காராக மாற்றுவது இரண்டாவது வாசல். பிரிட்டனில் பழைய மோரிஸ் கார்கள் அவ்வாறு மாற்றப்படுகின்றன. இந்தியாவிலும் 2016-ஆம் ஆண்டு விதிகள் மின்சார மாற்றுக் கருவித் தொகுப்புக்கு வழிவகுத்தன. ஆனால், 1990 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் தயாரிக்கப்பட்ட வாகனங்களுக்கே அது பொருந்தும். ஆகவே, டிராவலர் இந்த வாசலிலும் நுழைய முடியாது.

இவ்விரண்டுக்கும் இடையே, வழக்கமான பதிவைப் புதுப்பித்து, தகுதிச் சோதனையில் தேறி ஓட்டும் வழி உள்ளது. அதிலும் எல்லை உண்டு. தயாரிப்பாளர் அளித்த மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

மின்சாரம் தீவுக்கு ஏற்றதா?

தூரத்தை மட்டும் கணக்கிட்டால் ஏற்றதே. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சிடியா டாப்பு கடற்கரை சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால், தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசலிலிருந்து கிடைக்கிறது. அந்த டீசலும் கப்பலில் வந்திறங்குகிறது. என்.எல்.சி. நிறுவனத்தின் 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் போன்றவை பெருகும் அளவுக்கே அங்கு மின்சாரக் காரின் பயனும் பெருகும்.

எவற்றை மாற்றலாம்?

மூல வடிவைக் குலைக்காமல் செய்யக்கூடியவையும் உள்ளன. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் முற்றிலும் நீங்கியது. அதற்கு முந்தைய எஞ்சினில் வால்வு அமரும் இடத்துக்குக் கடினப்படுத்திய வளையம் பொருத்துவது அவசியம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளகச் செய்வதால், அவற்றுக்குப் பதில் எத்தனாலைத் தாங்கும் குழாய்கள் தேவை. இருக்கைப் பட்டைகளை எஃகுத் தரையிலும் எஃகுத் தூண்களிலும் மட்டுமே பிணைக்க வேண்டும். மரச்சட்டத்தில் பிணைத்தால் மோதலின்போது அது பிய்ந்துவிடும். பிரேக் அமைப்பை மாற்ற விரும்புவோர், வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியை எழுத்து வடிவில் பெறுவது நல்லது.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலைக்கு இலங்கை ஒரு விடை அளித்தது. மோரிஸ் மைனர் நெடுங்காலம் வீட்டுக் காராக விளங்கிய அந்நாட்டில், பிரிட்டனின் பாத் நகரைச் சேர்ந்த மோரிஸ் மைனர் மையம், கைவினைஞர்களைக் கொண்டு உதிரிபாகங்கள் தயாரிக்கும் கூட்டு முயற்சியை 1990-களில் மேற்கொண்டது. உற்பத்தி நின்ற காரையும் கைத்தொழில் காப்பாற்றும் என்பதை அது காட்டியது.

ஆக, இன்றைய இந்தியாவில் மரச்சட்டக் காரின் மறுவடிவமைப்பு என்பது அதை வேறொரு காராக ஆக்குவது அல்ல. அடிக்கட்டை காய்ந்திருக்கிறதா, பொருத்து இறுகியிருக்கிறதா, தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் பார்ப்பதில்தான் அது தொடங்குகிறது.