முட்டையோட்டில் எழுதப்படும் மரபு

உயிர்த்த ஞாயிறை முன்னிட்டு உக்ரைன் மக்கள் அலங்கரிக்கும் முட்டைக்குப் 'பிசன்கா' என்று பெயர். எழுதுதல் எனப் பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

அவித்து, ஒரே நிறமூட்டி உண்ணும் முட்டை வேறு. பச்சை முட்டையில் ஆக்கிப் பேணப்படும் பிசன்கா வேறு. உருக்கிய தேன்மெழுகினால் கோடுகளை இட்டு, வெளிர் நிறத்திலிருந்து கடும் நிறம்வரை படிப்படியாகச் சாயத்தில் தோய்க்கின்றனர். மெழுகு மூடிய இடத்தில் முந்திய நிறம் தங்கிவிடும். இறுதியில் சுடரருகே மெழுகை இளக்கித் துடைக்கும்போதே முழுக்கோலமும் வெளிப்படும். நமது நாட்டின் பத்திக் துணிகளும் இத்தகைய முறையிலேயே நிறம் பெறுகின்றன.

கோதுமைக் கதிர் விளைச்சலையும், முடிவற்று வளையும் கோடு நித்தியத்தையும் குறிக்கும். சூரியச் சின்னம், 988இல் கீவ் அரசு கிறிஸ்தவத்தைத் தழுவுவதற்கு முந்திய வழிபாட்டின் எச்சமாகக் கருதப்படுகின்றது. பின்னர் அதுவே இறைவனின் ஒளியாகப் பொருள் கொள்ளப்பட்டது. கார்பாத்திய மலைவாழ் ஹுட்சுல் மக்களிடையே ஓர் ஐதீகமும் உண்டு: பிசன்காக்கள் குறையும் ஆண்டில், விலங்கிடப்பட்ட தீயசக்தியின் சங்கிலி தளர்ந்துவிடுமாம்.

மதஞ்சார்ந்த இவ்வழக்கத்தைச் சோவியத் ஆட்சி ஒடுக்கியது. எனினும், கிராமத்து வீடுகளிலும் கனடா போன்ற புலம்பெயர் நாடுகளிலும் அது உயிர்வாழ்ந்தது. 2000இல் கொலோமியா நகரில் முட்டை வடிவிலேயே அருங்காட்சியகமொன்று அமைந்தது. 2022இல் தொடங்கிய ரஷ்யாவின் முழு அளவிலான படையெடுப்புக்கு மத்தியில், 2024 டிசெம்பரில் யுனெஸ்கோ இக்கலையைத் தொட்டுணர முடியாத கலாசார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

முட்டையோடு எளிதில் உடைவது. உடைந்ததற்குப் பதிலாக அடுத்த ஆண்டு இன்னொன்றை எழுதும் கைகள் இருந்தமையாலேயே அம்மரபு நிலைத்தது.