நாஞ்சில் நாட்டு வெற்றிலை வழக்கில் புகையிலை: வாய்நலமும் சுவாச நலமும் வாழ்க்கைத் தரமும்

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் அடங்கிய பகுதி நாஞ்சில் நாடு எனப்படுகின்றது. 1949 வரை திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த இந்நிலத்தில் தாம்பூலம் விருந்தோம்பலின் அடையாளமாக விளங்குகின்றது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றாலான தாம்பூலத்தில் புகையிலை பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. எனினும் 'வெற்றிலை போடுதல்' என்னும் தொடர், புகையிலை சேர்ந்ததையும் சேராததையும் வேறுபாடின்றிக் குறிக்கின்றது. இச்சொல்வழக்கு புகையிலையின் தீங்கை மறைப்பதையும், அத்தீங்கின் தன்மையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

வரலாற்றுப் பின்னணி

திருவிதாங்கூரில் புகையிலை வணிகம் அரசின் தனியுரிமையாக இருந்தது. யாழ்ப்பாணப் புகையிலை இங்குப் பெருமளவில் விற்பனையானது. திவான் டி. மாதவராவ் காலத்தில், 1860களில், அத்தனியுரிமை நீக்கப்பட்டது.

நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, கல்குளம் வட்டத்திலுள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனை வாய்ப்புற்று ஆய்வில் முன்னோடியாகத் திகழ்ந்தது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் பென்டால், திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளர்களைப் பற்றி 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். வெற்றிலை பாக்கு மெல்வோரின் வாய்ப்புற்றுக் குறித்து ஐ. எம். ஆர் எழுதிய கட்டுரை 1933இல் லான்செட் இதழில் வெளிவந்தது. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்று விளைவிப்பது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும்கூட அத்தகையனவே என்பது அதன் 2004ஆம் ஆண்டு வெளியீட்டில் இடம்பெற்றது.

வாய்நலம்

சுண்ணாம்பின் காரத்தன்மை புகையிலையின் நிக்கோட்டினை விரைவில் உடலில் கலக்கச் செய்கின்றது. அதனால் பழக்கம் வேரூன்றுகின்றது. புகையிலையிலுள்ள நைட்ரோசமைன்கள், அதனை அடக்கிவைக்கும் கன்னத்தின் உட்சவ்வை நாள்தோறும் தாக்குகின்றன. அங்குத் தோன்றும் வெண்படலம் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லாமையே மருத்துவரை நாடுவதைத் தாமதப்படுத்துகின்றது. பாக்கிலுள்ள அரிக்கோலின் உட்சவ்வின் அடித்திசுவை நாராக இறுகச் செய்வதால் வாய் திறக்கும் அளவு குறைகின்றது.

சுவாச நலம்

பீடி, சிகரெட், சுருட்டு ஆகியவற்றின் புகை, மூச்சுக்குழலைத் தூய்மை செய்யும் நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கின்றது. சளி தேங்கி, நாட்பட்ட இருமலாகத் தொடங்கி, நுரையீரல் அடைப்பு நோயாக முற்றுகின்றது. பீடியை மென்மையானதாகக் கருதுவது பொருந்தாது. அதன் இலைச்சுற்று எளிதில் அணைந்துவிடுவதால், புகைப்பவர் அடிக்கடி இழுக்க நேர்கின்றது. மெல்லுதலும் புகைத்தலும் ஒருவரிடமே சேரும்போது வாய்ப்புற்றின் அபாயம் மேலும் மிகுகின்றது.

வாழ்க்கைத் தரம்

வயல் வேலை, மரமேறுதல், மீன்பிடித்தல் ஆகிய இம்மாவட்டத் தொழில்கள் மூச்சு வலிமையை வேண்டுவன. மூச்சுத் திணறல் முதலில் கூலியைக் குறைக்கின்றது. பின்னர்ப் பிறரைச் சார்ந்திருக்கச் செய்கின்றது. வாய் இறுகியவர் காரமான குழம்பை உண்ண இயலாது, பேச்சும் தெளிவிழக்கும். பிறர் முன்னிலையில் உண்ணக் கூசிப் பந்தியைத் தவிர்ப்போரும் உண்டு. விருந்தின் அடையாளமான பழக்கமே ஒருவரை விருந்திலிருந்து விலக்கிவிடுகின்றது.

முடிவுரை

2016-17 உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் புகைப்போர் 10.7 விழுக்காட்டினர், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காட்டினர். எனவே 'புகைபிடிப்பீர்களா?' என்னும் வினா பெரும்பான்மைப் பயனாளரைத் தவறவிடும். 'வெற்றிலை போடுவீர்களா?' என்பதும் போதாது. வெற்றிலையோடு புகையிலை சேர்க்கப்படுகின்றதா, எவ்வளவு நேரம் வாயில் அடக்கப்படுகின்றது, எத்தனை ஆண்டுகளாக என்பவற்றைக் களஆய்வாளர் தனித்தனியே வினவுதல் வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணையும் வெண்படலத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்னும் செய்தியும் அவ்வினாக்களோடு சேர்ந்தே மக்களைச் சென்றடைய வேண்டும். எந்த வயதில் கைவிட்டாலும் நன்மை உண்டு. தாம்பூல மரபைப் போற்றுவோர்க்கும் அதில் பின்னர் வந்து சேர்ந்த புகையிலையை விலக்குவது முதற்கடமையாகும். பாக்கைக் குறைப்பது அடுத்த படியாகும்.