எக்ஸ்பர்ட்டே சொல்லிட்டாருல்ல!

எங்கள் கோர்ட்டில் புரோநோட்டு வழக்கு என்றால் பாதி நேரம் தகராறு கடனைப் பற்றி இருக்காது, கையெழுத்தைப் பற்றித்தான் இருக்கும். "இது என் கையெழுத்தே இல்லை" என்பார் பிரதிவாதி. மனுப் போட்டு, அட்வகேட் கமிஷனர் ஒருவரை நியமிக்க வைத்து, நோட்டைச் சென்னை மயிலாப்பூரில் இருக்கும் தடய அறிவியல் துறைக்கு அனுப்புவோம். சில பல வாய்தாக்களுக்குப் பிறகு அறிக்கை வரும். சாதகமாக வந்துவிட்டால் கட்சிக்காரர் ஸ்வீட் பாக்கெட்டோடு ஆபீசில் வந்து உட்கார்ந்துகொள்வார். "எக்ஸ்பர்ட்டே சொல்லிட்டாருல்ல சார், இனிமே என்ன வாதம் இருக்கு?"

இனிமேல்தான் வாதமே இருக்கிறது என்பதை அவருக்குப் புரியவைப்பது தனி வழக்கு.

சாதாரணச் சாட்சி கண்டதையும் கேட்டதையும் சொல்லலாம், தன் அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது. நிபுணருக்கு அதில் விலக்கு உண்டு. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அந்த விலக்கைக் கொடுத்தது. ஆனால் அதே சட்டத்தில் 51-ஆம் பிரிவு என்று ஒன்று ஓரமாக உட்கார்ந்திருந்தது. ஒருவருடைய கருத்தைக் கோர்ட் பார்க்கலாம் என்றால், அந்தக் கருத்துக்கான காரணத்தையும் பார்க்கலாம் என்பது அதன் சாரம். 2024 ஜூலை 1 முதல் சட்டமே மாறிவிட்டது. இப்போது நிபுணர் கருத்து 39-ஆம் பிரிவு. 45-ஆம் எண்ணுக்கு வந்து உட்கார்ந்திருப்பது காரணம் பற்றிய பிரிவு. மூத்த வக்கீல்கள் இன்னும் பழக்கத்தில் "ஃபார்ட்டி ஃபைவ் பெட்டிஷன்" என்றுதான் சொல்கிறார்கள். எண் மாறியதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

காரணம் கேட்பது எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு தனியார் கையெழுத்து நிபுணர் ஒருவரை அழைத்து வந்திருந்தது. கோட்டு, தங்க ஃப்ரேம் கண்ணாடி, நல்ல கம்பீரம். அறிக்கையில் ஒரே முடிவு: இரண்டும் ஒருவர் போட்ட கையெழுத்துகளே.

"ஒப்பிட்டுப் பார்க்க எந்தக் கையெழுத்துகளைக் கொடுத்தார்கள்?"

"வக்காலத்தில் உள்ளது, எதிர்வழக்குரையில் உள்ளது."

"இரண்டுமே வழக்கு வந்த பிறகு போட்டவைதானே?"

"ஆமாம்."

"நோட்டில் உள்ள தேதிக்கும் இவற்றுக்கும் இடையில் பிரதிவாதிக்குப் பக்கவாதம் வந்தது தெரியுமா?"

"அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை."

"நீங்கள் பார்த்தது அசலா, ஜெராக்ஸா?"

"ஜெராக்ஸ். ஆனா, என் அனுபவத்துல பார்த்த உடனே தெரிஞ்சிடும்."

பேனா எங்கே அழுந்தியது, எங்கே தூக்கி எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அசலில் பார்க்க வேண்டிய விஷயங்கள். நகலில் மை ஒரே கறுப்பாக விழும். இன்னொரு வழக்கில் வந்தவரோ கூண்டில் ஏறியதும் பெரிதாக்கிய படங்களை நீதிபதி மேஜையில் பரப்பினார். எந்த எழுத்தில் கோடு நடுங்குகிறது, ஓட்டமாக எழுதுகிறவர் நிறுத்தாத இடத்தில் எங்கே பேனா நின்றிருக்கிறது என்று சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தார். அவர் சொன்னது என் கட்சிக்காரருக்குப் பாதகம். ஆனாலும் நீதிபதி தானே லென்ஸை வாங்கிப் பார்த்து, தானே முடிவுக்கு வர முடிந்தது. முதல் நிபுணரின் பேச்சில் நீதிபதி பார்ப்பதற்கு அவருடைய கண்ணாடி ஃப்ரேமைத் தவிர ஒன்றுமில்லை.

நிபுணர் கருத்தை எப்போது வாதத்துக்குத் துணையாக வைக்கலாம் என்று கேட்டால், என் பதில் இதில் அடங்கிவிடும். பட்டமும் அனுபவமும் அவரைக் கூண்டுவரை கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு அவர் காட்டும் காரணம்தான் பேச வேண்டும். அந்தக் காரணம் அவருக்குத் தெரிந்த துறைக்குள்ளேயே நிற்கிறதா, நம் முன்னால் இருக்கும் கேள்வியைத் தொடுகிறதா என்று பார்க்க நாம் அவர் துறையைப் படித்திருக்க வேண்டியதில்லை.

1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஹிமாசல் ஆப்பிள் வழக்கை ஜூனியர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. 1980-களில் அங்கே ஆப்பிள் மரங்களில் நோய் விழுந்தது. சொத்தைப் பழங்களை அரசே விலை கொடுத்து வாங்கி அழித்தது. தோட்டத்தில் விளைந்திருக்கக்கூடியதைவிட அதிகமாகக் கணக்குக் காட்டிப் பணம் வாங்கினார்கள் என்று வழக்கு. அரசுத் தரப்பின் பெரிய ஆயுதம் ஒரு தோட்டக்கலை அதிகாரி. பின்னால் போய்த் தோட்டத்தைப் பார்த்து, இவ்வளவுதான் விளைந்திருக்கும் என்று மதிப்பிட்டவர். விவசாயம் படித்தவர், அரசு அதிகாரி, வேறென்ன வேண்டும்? ஆனால் விளைச்சலை மதிப்பிடுவதில் அவருக்குத் தனிப் பயிற்சியோ தேர்ச்சியோ இருந்ததாகக் காட்டவில்லை என்று கோர்ட் அந்தக் கருத்தை ஒதுக்கியது. நிபுணர் ஆலோசனை சொல்பவர் மட்டுமே, அவர் முடிவைச் சோதித்துப் பார்க்கும் அளவுகோலை நீதிபதி கையில் கொடுப்பது அவர் கடமை என்றும் தீர்ப்பு சொன்னது. 'ஜெய்லால் கேஸ்' என்று இதைச் சொன்னால் எங்கள் வட்டாரத்தில் இன்றும் வேலை செய்யும்.

ஆப்பிளில் போனது பணம். இங்கிலாந்தில் இதே விஷயத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே போனது.

சாலி கிளார்க் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். 1996 டிசம்பரில் அவருடைய முதல் ஆண் குழந்தை சில வாரங்களிலேயே இறந்தது. 1998 ஜனவரியில் இரண்டாவது மகனும் அதேபோல் சில வாரங்களிலேயே போனான். தாயே கொன்றார் என்று வழக்கு. அரசுத் தரப்பு சாட்சிகளில் ஒருவர் சர் ராய் மெடோ, குழந்தைகள் மீதான வன்முறையை ஆராய்ந்து பெயர் பெற்ற குழந்தை மருத்துவப் பேராசிரியர். வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறப்பது 8,543-இல் ஒன்று என்று ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. அதை அதே எண்ணால் பெருக்கி, ஒரே வீட்டில் இரண்டு முறை நடக்க வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார் அவர்.

இந்தப் பெருக்கலில் இரண்டு குழி இருக்கிறது. ஒரு குழந்தை இறந்ததற்கும் மற்றது இறந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்றால்தான் பெருக்கலாம். அண்ணன் தம்பிக்குப் பரம்பரை ஒன்று, வீடு ஒன்று. முதல் குழந்தையைக் கொண்டுபோன ஏதோ ஒரு கோளாறு இரண்டாவதிடமும் இருந்திருக்கலாம். அடுத்த குழி இன்னும் ஆழம். அந்த எண்ணைக் கேட்ட ஜூரி, 'ஆக இவர் நிரபராதியாக இருக்க வாய்ப்பு 7 கோடியில் ஒன்று' என்று எடுத்துக்கொள்வது இயல்பு. கேரளா லாட்டரியில் முதல் பரிசு விழுந்தவரைப் பிடித்து, "இப்படி விழ பல லட்சத்தில் ஒரு வாய்ப்புதான், ஆகவே உன்னுடையது கள்ள டிக்கெட்" என்று சொல்வது போன்றது அது. தாய் இரண்டு குழந்தைகளை அடுத்தடுத்துக் கொல்வதும் அபூர்வம்தான். இரண்டு அபூர்வங்களில் எது கூடுதல் அபூர்வம் என்று ஒப்பிட்டிருக்க வேண்டும்.

மெடோ புள்ளியியலாளர் அல்லர். குழந்தையின் நுரையீரலைப் பற்றிப் பேசியவரை நிகழ்தகவு பற்றியும் பேச விட்டார்கள், அதே மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். இதில் சாலி தரப்பு வக்கீல்களையும் நான் விட மாட்டேன். புள்ளியியல் தெரிந்த ஒருவரை அந்த விசாரணையில் அவர்கள் கூண்டில் ஏற்றவில்லை. எண்களை மட்டும் வைத்து இங்கே தண்டிப்பதில்லை என்று நீதிபதி ஜூரியை எச்சரித்தார், சரிதான். 7 கோடி என்ற எண் ஒருமுறை காதில் விழுந்த பிறகு எந்த எச்சரிக்கை ஏறும்? 1999 நவம்பரில், 10-க்கு 2 என்ற பெரும்பான்மையில் குற்றவாளி என்று தீர்ப்பு, ஆயுள் தண்டனை. அடுத்த ஆண்டு அப்பீலும் தள்ளுபடியானது. 2001-இல் ராயல் புள்ளியியல் சங்கம், அந்தக் கணக்குக்குப் புள்ளியியலில் அடிப்படை இல்லை என்று பகிரங்கமாக அறிக்கை விட்டது.

விடுதலை 2003 ஜனவரியில் வந்தது. அதற்கு முதல் காரணம் இன்னொரு நிபுணர். இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவுகளை, பிரேதப் பரிசோதனை செய்தவர் வெளியே சொல்லவே இல்லை. கணவர் அலைந்து திரிந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மெடோவின் பெயரை மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலிருந்து நீக்கியது, நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று கோர்ட் அதை மாற்றியது. சாலி கிளார்க் 2007-இல், 42 வயதில் இறந்துபோனார்.

அவர் விடுதலையான அதே ஆண்டில் திருப்தி படேல் என்ற இந்திய வம்சாவளிப் பெண், மூன்று குழந்தைகளைக் கொன்றதாக விசாரிக்கப்பட்டார். அங்கும் மெடோ சாட்சி சொன்னார். இந்தியாவிலிருந்து திருப்தியின் பாட்டி போய்க் கூண்டில் ஏறினார். தான் பெற்ற பன்னிரண்டில் ஐந்து பச்சிளம் வயதிலேயே போய்விட்டன என்றார். பரம்பரையில் ஏதோ இருக்கலாம் என்பதற்கு அந்தக் கிழவியின் வாக்குமூலம் நேரடியான சங்கதி, அவருக்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை. திருப்தி விடுதலையானார்.

ஒருவர் என்ன, நாலு நிபுணர்கள் ஒரே குரலில் சொன்னால்? நல்லதுதான், நாலு பேரும் தனித்தனியாகப் பார்த்திருந்தால். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தபோது, ஒரு பையில் கிடைத்த விரல் ரேகை பிராண்டன் மேஃபீல்ட் என்ற அமெரிக்க வக்கீலுடையது என்று எஃப்.பி.ஐ. சொன்னது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் சரிபார்த்தார், அவர் சொன்னதை மூன்றாமவர் பார்த்தார். கோர்ட் நியமித்த நாலாமவரும் ஆமாம் என்றார். ஸ்பெயின் போலீஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் தேடி, அது ஓர் அல்ஜீரியருடைய ரேகை என்று கண்டுபிடித்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. முதல் ஆள் என்ன முடிவுக்கு வந்தார் என்று தெரிந்துகொண்டே பார்க்கிறவரின் கண் அந்த முடிவையே தேடும்.

இவ்வளவும் படித்துவிட்டு, "அப்போ டாக்டர், விஞ்ஞானி எவன் பேச்சையும் நம்ப வேண்டாம்ங்கிறீங்களா?" என்று கேட்கக்கூடிய மச்சான் ஒருவர் எனக்கு உண்டு. தடுப்பூசி வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை எனக்கு அனுப்புவதும் அவரே. அவரிடம் நான் திருப்பிக் கேட்பது, அதை அனுப்பியவரிடம் காரணம் கேட்டீர்களா என்றுதான். தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சுக்குப் பெரிய உரம் போட்டது 1998-இல் 'லான்செட்' இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெளியிட்ட கட்டுரை. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த வக்கீல் தரப்பிலிருந்து அவருக்குப் பணம் போயிருந்தது பின்னால் வெளியே வந்தது. (எங்கள் இனம்தான், தலைகுனிய வேண்டிய விஷயம்.) பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளைப் பார்த்த ஆய்வுகள் அந்தத் தொடர்பைக் காணவில்லை. 2010-இல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டும் அன்று டாக்டர்தான், எதிரே நின்றவர்களும் டாக்டர்கள்தான். பட்டத்தை மட்டும் பார்த்தால் தராசு ஆடாது.

நோபல் பரிசுக்கும் இதே கதிதான். லைனஸ் பாலிங் 1954-இல் வேதியியலுக்கும் 1962-இல் சமாதானத்துக்கும் அதை வாங்கியவர். 1970-இல் வைட்டமின் சி-யை அள்ளிப் போட்டால் சளியே அண்டாது என்று புத்தகம் எழுதினார், பிறகு புற்றுநோய்க்கும் அதுவே மருந்து என்றார். மேயோ கிளினிக் நடத்திய சோதனைகளில் புற்றுநோயாளிகளுக்கு அதனால் பலன் தெரியவில்லை. வேதியியலில் அவர் சொன்னதை இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள்.

கோர்ட்டுக்கு வெளியே குறுக்கு விசாரணை செய்ய நமக்கு வசதியில்லை என்பார்கள். எங்கள் அத்தை செய்தார். முழங்கால் வலிக்குப் போன இடத்தில் ஒரு டாக்டர், மூட்டு மாற்று ஆபரேஷன்தான், தேதி குறித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். ஆபரேஷன் நடந்தால் அவருக்கு வருமானம். அதற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடாது, கூடுதலாக இரண்டு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். அத்தை வேறொருவரிடம் போய், "ஏன் மாத்தணும்? மாத்தாட்டி என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறார். அவர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி உள்பக்கத்தில் காணாமல் போயிருப்பதைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். ஊசி போட்டு வலியைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், தேய்ந்தது திரும்ப வளராது, அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

ஆபரேஷன் அவரிடமே நடந்தது. இப்போது மாடிக்கு ஏறி வடாம் காயப் போடுகிறார். "முதல் டாக்டர் சொன்னதும் இதையேதானே அத்தை, அவரும் சரியாத்தானே சொல்லியிருக்கார்?" என்றேன்.

"சரியாச் சொன்னாரோ என்னமோ, எனக்கெப்படி மருமகனே தெரியும்? அவரு படத்தைக் கவர்லருந்து எடுக்கவே இல்லையே."