விசில் யார் கையில்?

கோவைக்குக் கூடைப்பந்து புதிய ஆட்டமல்ல. பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை என்று அகில இந்தியப் போட்டிகள் இங்கே பல ஆண்டுகளாக நடக்கின்றன. ராணுவம், ரயில்வே, வங்கி அணிகள் வந்து ஆடுகின்றன. நல்ல ஆட்டக்காரர் ஒருவர் பந்தைக் கூடைக்குள் போட்டால், அவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காமல் கூட்டம் கை தட்டுகிறது.

கை தட்டுவது எளிது. அதே ஆட்டக்காரர் நாளைக்குப் பயிற்சியாளராக வருகிறார். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, 'நீ ஓடு, நீ உட்கார், இந்த ஆட்டத்துக்கு நீ வேண்டாம்' என்று சொல்கிறார். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கேட்பார்களா? அவர்களைப் பெற்றவர்கள் கேட்க விடுவார்களா? விளையாட்டில் சாதி எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் ஆடுகளத்துக்குள்ளேயே தேடுகிறார்கள். களத்தின் ஓரத்தில், பயிற்சியாளர் உட்காரும் இடத்திலும் தேட வேண்டும் என்கிறோம் நாம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கறுப்பின ஆட்டக்காரரின் வாழ்க்கை உதவும். அமெரிக்காவின் பில் ரஸ்ஸல்தான் அவர்.

பதினைந்து சட்டை, பதினாறு பையன்கள்

ரஸ்ஸல் 1934-ல் லூசியானா மாநிலத்தின் மன்ரோ பகுதியில் பிறந்தார். கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை என்று ஒதுக்கி வைத்திருந்த தென் மாநிலம் அது. ஒருமுறை அவருடைய அப்பா பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினார். வெள்ளையர் எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகுதான் என்று காக்க வைத்தார்கள். வேறு இடம் பார்க்கலாம் என்று கிளம்பியவரைத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்கள். நல்ல உடை உடுத்திக் கடைத்தெருவுக்குப் போன அம்மாவை, வெள்ளைக்காரிபோல உடுத்தக் கூடாது என்று போலீஸ்காரர் வீட்டுக்கு விரட்டினார். இரட்டைக் குவளையைப் பார்த்த நம் மாவட்டத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிழைப்பு தேடிக் குடும்பம் கலிபோர்னியாவின் ஓக்லாந்துக்குப் போனது. 12 வயதில் அம்மாவை இழந்தார் ரஸ்ஸல். பள்ளியில் அவர் பெரிய ஆட்டக்காரர் இல்லை. அணியில் இருந்து கழித்துவிடப்பட்ட பையன். மெக்கிளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஜார்ஜ் பவுல்ஸ் என்ற பயிற்சியாளர் மட்டும் அவரை விடவில்லை. இருந்தது பதினைந்து சட்டை. ரஸ்ஸலைப் பதினாறாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டு, கடைசிச் சட்டையை இரண்டு பையன்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொன்னார் அவர். வெள்ளையரான அந்த ஆசிரியர் அன்று 'இடமில்லை' என்று சொல்லியிருந்தால், இன்று நாம் ரஸ்ஸலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். ஒரு பிள்ளையின் தலையெழுத்தை மாற்றும் பலம் பயிற்சியாளருக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பிறகு வளர்ச்சி வேகமாக இருந்தது. சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியில் ஆடி 1955, 1956 ஆகிய இரு ஆண்டுகளும் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம். அதே ஆண்டு பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணியில் சேர்ந்தார். 13 பருவங்கள் ஆடி, 11 முறை கோப்பை வென்றார். எதிரி எறியும் பந்தைத் தடுப்பதில்தான் அவர் பெயர் வாங்கினார். தடுத்த பந்தைக் கூட்டம் ஆரவாரிக்கும்படி வெளியே அறைந்துவிட மாட்டார்; தன் அணிக்காரர் கைக்குப் போகிற மாதிரி தட்டிவிடுவார். ஆடும்போதே பயிற்சியாளரைப்போல யோசித்தவர் அவர்.

வெற்றி அவருக்கு மரியாதையைக் கொண்டுவரவில்லை. 1961-ல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் காட்சி ஆட்டம் ஒன்றுக்காகப் போயிருந்தபோது, விடுதியின் சிற்றுண்டிக் கடையில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். ரஸ்ஸலும் தோழர்களும் ஆட மறுத்து ஊர் திரும்பிவிட்டார்கள். அவர் குடியிருந்த ரெடிங் என்ற ஊரில் வீட்டுக்குள் புகுந்து கோப்பைகளை உடைத்தார்கள். சுவரில் இழிசொல் எழுதினார்கள். படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த செய்தியைப் படித்த நமக்கு, இந்த வெறுப்பின் மொழி உலகம் முழுக்க ஒன்றுதான் என்று புரிகிறது.

வெள்ளையரைக் கேட்காத கேள்வி

1966-ல் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் ஆர்பாக் பதவியை விட்டு இறங்கினார். தனக்குப் பிறகு ரஸ்ஸல் என்று முடிவு செய்தார். அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ.வில் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளரானது அதுவே முதல்முறை. கறுப்பின ஆட்டக்காரர்கள் 1950-லேயே அந்த அமைப்புக்குள் வந்துவிட்டார்கள். களத்தில் ஓட விட்ட பிறகு, களத்தின் ஓரத்தில் நின்று உத்தரவு போட விடுவதற்கு இன்னும் 16 ஆண்டுகள் ஆயின.

பதவியேற்பை அறிவித்த செய்தியாளர் சந்திப்பில், வெள்ளை ஆட்டக்காரர்களைப் பாரபட்சம் இல்லாமல் நடத்த முடியுமா என்று அவரிடம் கேட்டார்கள். முடியும் என்றார். எப்படி என்று மறுபடி கேட்டார்கள். ஆட்டத்தில் ஒருவரின் திறமையைத்தான் மதிக்கிறோம், அவ்வளவுதான் என்ற பொருளில் பதில் சொன்னார். அதுவரை இருந்த வெள்ளைப் பயிற்சியாளர்கள் யாரிடமாவது, கறுப்பினப் பையன்களை நியாயமாக நடத்துவீர்களா என்று கேட்டிருப்பார்களா? காலனியில் இருந்து ஒருவர் தலைமை ஆசிரியராகவோ ஊராட்சித் தலைவராகவோ வந்தால், 'எல்லோருக்கும் பொதுவாக நடந்துகொள்வாரா' என்று நம் ஊர்த் திண்ணைகளில் எழும் சந்தேகமும் இதே வகைதான்.

ரஸ்ஸல் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். முதல் பருவத்தில் 60 ஆட்டங்கள் வென்றும் கோப்பை கிடைக்கவில்லை, பிலடெல்பியாவிடம் தோற்றார்கள். அத்துடன் கதை முடிந்தது என்றவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு அதே பிலடெல்பியாவிடம் 1-3 என்று பின்தங்கி, அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை வென்று மீண்டு, 1968 கோப்பையைப் பிடித்தார்கள். 1969-ல் தம் பிரிவில் நான்காம் இடத்தில் இருந்து வந்து மறுபடியும் கோப்பை. அதோடு அவர் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.

பிறகு சியாட்டில் அணிக்கு 1973 முதல் 1977 வரை பயிற்சியாளராக இருந்து, அந்த அணியை முதல்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குக் கொண்டுபோனார். 1987-ல் சாக்ரமென்டோ அணிக்குப் போனபோது சரிப்பட்டு வரவில்லை. பருவம் முடியும் முன்பே விலக்கப்பட்டார். இதையும் சொல்லத்தான் வேண்டும். சமத்துவம் என்றால் ஜெயிக்கும் உரிமை மட்டுமல்ல. மற்றவர்களைப்போலத் தோற்கவும், தோற்ற பிறகு தன் இனத்தின் மேல் பழி விழாமல் இருக்கவும் உரிமை வேண்டும்.

1975-ல் கூடைப்பந்தின் பெருமை மன்றம் அவரைச் சேர்த்தபோது, விழாவுக்குப் போக மறுத்தார். தனக்கு முன்னால் ஆடிய கறுப்பினத்தவர் சக் கூப்பர் போன்றோருக்கு அந்த இடம் முதலில் கிடைத்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கூப்பர் சேர்க்கப்பட்ட 2019-ல்தான் தனக்குரிய மோதிரத்தை வாங்கிக்கொண்டார். 2021-ல் பயிற்சியாளர் என்ற வகையில் அதே மன்றம் அவரை மறுபடியும் சேர்த்தது. 2022 ஜூலை 31-ல், 88 வயதில் மறைந்தார். அவர் அணிந்த 6-ம் எண்ணை எந்த அணியும் இனிப் புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை என்று என்.பி.ஏ. முடிவு செய்தது.

பாலுவுக்குக் கிடைக்காத பதவி

இது அமெரிக்கக் கதை என்று ஒதுக்க வேண்டாம். நம் நாட்டில் இதற்கு முன்பே ஒருவர் இருந்தார். தோல் வேலை செய்யும் சாதியில் 1876-ல் பிறந்த பல்வங்கர் பாலு. பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். வலைப்பயிற்சியில் அவர்களுக்குப் பந்து வீசி வீசியே பெரிய பந்துவீச்சாளரானார். இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் நேரத்தில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண் குவளையில் தேநீர்.

1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 100-க்கும் மேல் விக்கெட் எடுத்தவர் பாலு. ஆனாலும் இந்து அணியின் கேப்டன் பதவியை அவருக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை. நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1923-ல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. உழைப்பை வாங்கிக்கொள், தலைமையைக் கொடுக்காதே என்ற கணக்கு பாலுவோடு முடிந்துவிடவில்லை.

தமிழ்நாட்டில் கூடைப்பந்தில் உயர்ந்த ஒருவரையும் பார்ப்போம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்தியப் பெண்கள் அணியின் கேப்டனானார். 18 ஆண்டுகள் இந்தியாவுக்காக ஆடினார். திருமணம், குழந்தை என்று ஆன பிறகும் களத்துக்குத் திரும்பினார். தேசியப் போட்டிகளில் 30 பதக்கங்கள். 2021-ல் பத்மஸ்ரீ. இன்று பயிற்சியாளர். அவர் வாழ்க்கையில் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தெற்கு ரயில்வே வேலை. மாதச் சம்பளம் வந்ததால் ஆட்டத்தை விட வேண்டியிருக்கவில்லை. ரயில்வே போன்ற பொதுத்துறை வேலைகள் சுருங்கினால் முதலில் களத்தை விட்டு வெளியேறுவது, வீட்டில் வசதி இல்லாத ஆட்டக்காரர்கள்தான். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை நமக்கு வாழ்வாதாரப் பிரச்சினை.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

கூடைப்பந்துக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு பந்து, இரண்டு வளையம் போதும். ஆனால் சிமென்ட் தளம் வேண்டும். நம் பகுதியில் நல்ல தளங்கள் பெரும்பாலும் கல்லூரிகளின், தனியார் பள்ளிகளின் மதிலுக்குள் இருக்கின்றன. காலனிப் பிள்ளைகள் கபடியும் கைப்பந்தும் ஆடுவது மண் தரையில். அதிலும் திருவிழாப் போட்டி என்றால் ஊர் அணி தனி, காலனி அணி தனி. சேர்ந்து ஆடினால்தானே ஒருவர் சொல்லை மற்றவர் கேட்கும் பழக்கம் வரும்?

கிராம சபைக் கூட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் நடக்கிறது. அடுத்த கூட்டத்தில் காலனிப் பிள்ளைகளும் தடையின்றி வந்து ஆடும் பொது இடத்தில் ஒரு தளமும் இரண்டு கம்பமும் கேட்டுத் தீர்மானம் கொண்டுவருவோம். அரசுப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் உடற்கல்வி ஆசிரியர் இடம் காலியாக இருந்தால், அதையும் அதே கூட்டத்தில் பதிவு செய்வோம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. தேர்வுப் போட்டி அறிவிப்பு வரும்போது உங்கள் உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டு விண்ணப்பியுங்கள். பட்டப்படிப்புக்குப் பிறகு இரண்டாண்டு பி.பி.எட். படிக்கலாம், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலேயே மாருதி உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. பயிற்சியாளராகவே ஆக நினைப்பவர்களுக்குப் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு இருக்கிறது.

நன்றாக ஆடுகிற தம்பி தங்கைகளிடம், ஆடுவதோடு நின்றுவிடாதீர்கள் என்று சொல்லுங்கள். பதினைந்து சட்டை மட்டுமே இருக்கும்போது பதினாறாவது பிள்ளையைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ள, விசில் பிடிக்கும் இடத்தில் நம் ஆட்கள் வேண்டும்.