பழைய சரக்கு வேனை கேம்பரா மாத்தலாமா? வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



இன்ஸ்டாகிராமைத் திறந்தா ஒரு வேன். உள்ளே மரப் பலகை அடிச்ச கட்டில், சின்ன அடுப்பு, மஞ்சள் லைட், பின் கதவைத் திறந்தா மலை. "ரெண்டு லட்சம் சேவிங்ஸ் இருக்கு, ஒரு பழைய டெலிவரி வேன் வாங்கி வீடு மாதிரி செஞ்சுட்டா இனிமே ஹோட்டல் செலவே இல்லையே" என்ற யோசனை சம்பளம் வாங்குற பலருக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும்.

ஆசை தப்பே இல்ல. ஆனா இதுல மூணு கணக்கு இருக்கு: சட்டக் கணக்கு, பணக் கணக்கு, உயிர்க் கணக்கு. வீடியோக்கள்ல பெரும்பாலும் தச்சு வேலையை மட்டும் காட்டுவாங்க. இந்தப் பதிவுல மத்த மூணையும் வரிசையா பார்க்கலாம்.

1. முதல் செலவு வண்டி இல்ல, ஆர்சி

ஈகோ கார்கோ, வின்கர் கார்கோ, டிராவலர் டெலிவரி வேன் எதை வாங்கினாலும் ஆர்சி-யில் அது சரக்கு வாகனம். மஞ்சள் போர்டு. அதை வெள்ளை போர்டா மாத்துறது பெயின்ட் அடிக்கிற வேலை இல்ல. ஆர்சி-யில் வாகனத்தோட வகையே மாறணும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்றது இதுதான்: தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கும் ஆர்சி-யில் இருக்கிற விவரங்களுக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு பிரிவு 182ஏ(4) படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கவனிங்க, ஒவ்வொரு மாற்றத்துக்கும்.

அப்போ இந்தியாவுல கேம்பர் வேனே சட்டப்படி கிடையாதா? இருக்கு. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான கேம்பர் வேன், போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியல்ல ஒரு தனி வகையாவே இருக்கு. மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ்-124 என்ற தொழில்நுட்பத் தரமும் இருக்கு. புனேயில் இருக்கிற ஏஆர்ஏஐ மாதிரி அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்புகள்தான் ஒரு மாடலைச் சோதிச்சு சான்று தரும். 2022-ல் மஹிந்திரா நிறுவனம், ஐஐடி மெட்ராஸ்ல வளர்ந்த ஒரு ஸ்டார்ட்-அப்போட சேர்ந்து பொலிரோ பிக்கப் மேல கேம்பர் கட்ட ஒப்பந்தம் போட்டது இந்த வழியில்தான்.

நம்ம பக்கத்து லேத் பட்டறையில், ஆசாரி அண்ணனை வச்சு செய்யுற வண்டிக்கு அந்தச் சான்று வராது. ஒரே ஒரு வண்டிக்காக அந்தச் சோதனைச் செலவை ஒரு தனி ஆள் ஏத்துக்குறதும் நடைமுறையில் கட்டுப்படியாகாது. அதனால முதல் வேலை: வண்டி பார்க்கப் போறதுக்கு முன்னாடி உங்க ஆர்டிஓ ஆபீஸ்ல மனு கொடுத்து, "இந்த மாடலை கேம்பரா மாத்தி வகை மாற்றம் செய்ய முடியுமா, என்ன சான்று வேணும்?"னு எழுத்துல பதில் வாங்குங்க. புரோக்கர் வாய்ல சொல்ற "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்பது பதில் இல்ல.

2. இன்சூரன்ஸ்: இங்கதான் மொத்தப் பணமும் போகும்

5,000 ரூபாய் அபராதத்தைக் கட்டிட்டு போயிடலாம்னு தோணும். உண்மையான ரிஸ்க் அபராதத்துல இல்ல.

சரக்கு வண்டிக்கான பாலிசி எடுத்துட்டு, பின்னாடி கட்டில்ல நண்பர்களை உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறீங்கன்னு வைங்க. விபத்து நடந்தா, சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்த பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தரக் கடமைப்பட்டதில்லைனு உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்பு கொடுத்திருக்கு. அந்த இழப்பீடு வண்டி ஓனர் தலையில் விழும். ஒரு இளம் வயசுக்காரர் இறந்தா இழப்பீடு பல லட்சத்துல இருந்து கோடி வரைக்கும் போகலாம். உங்க பிஎஃப், எஃப்டி, எஸ்ஐபி எல்லாம் சேர்த்தாலும் பத்தாது.

உங்க சொந்த டேமேஜ் க்ளெய்மும் அப்படித்தான். கம்பெனிக்குச் சொல்லாம வயரிங், பேட்டரி, கேஸ் அடுப்பு எல்லாம் சேர்த்த வண்டி தீப்பிடிச்சா, சர்வேயர் முதல்ல பார்க்கிறது அதைத்தான்.

டிரைவிங் லைசென்ஸ் விஷயத்துல மட்டும் ஒரு நல்ல செய்தி. 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற போக்குவரத்து வாகனத்தை சாதாரண எல்எம்வி லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு.

3. பணக் கணக்கு: ஒரு இரவுக்கு எவ்வளவு?

கீழே இருக்கிறது ஒரு உதாரணக் கணக்கு. உங்க ஊர்ல கொட்டேஷன் வாங்கி எண்களை மாத்திக்கோங்க. கணக்குப் போடுற முறை மாறாது.

- பழைய வேன்: 4,00,000
- டயர், பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் வேலை: 60,000
- துரு, டிங்கரிங், பெயின்ட்: 30,000
- வெப்பத் தடுப்பு ஃபோம், பிளைவுட்: 45,000
- கட்டில், அலமாரி, மெத்தை: 60,000
- லித்தியம் பேட்டரி, 200 வாட் சோலார், வயரிங்: 70,000
- 12 வோல்ட் ஃப்ரிட்ஜ்: 25,000
- தண்ணீர் தொட்டி, பம்ப், சிங்க்: 15,000
- ஜன்னல், கூரை ஃபேன்: 25,000

கூட்டினா 7,30,000. எந்த மரவேலையும் கொட்டேஷன்ல முடிஞ்சதா சரித்திரம் இல்ல. அதுக்கு ஒரு 50,000 சேர்த்தா 7,80,000. சான்று, வகை மாற்றச் செலவு இதுல சேரல.

இனி வருஷச் செலவு. இன்சூரன்ஸ் 20,000, மெயின்டனன்ஸ் 30,000, எஃப்சி மற்றும் வரி 10,000, பார்க்கிங் மாசம் 1,500 வீதம் 18,000. மொத்தம் 78,000. அபார்ட்மென்ட்ல ஒரு கார் பார்க்கிங்தான் கிடைக்கும், அதுலயும் உயரமான வேன் நுழையாது என்பதால பார்க்கிங்கை விட்டுடாதீங்க.

அடுத்து கண்ணுக்குத் தெரியாத ரெண்டு செலவு. 7.8 லட்சத்தை 7% வட்டியில் போட்டிருந்தா வருஷம் 54,600 வந்திருக்கும். அஞ்சு வருஷம் கழிச்சு வண்டியை 3,30,000-க்கு வித்தா, 4,50,000 நஷ்டம், வருஷத்துக்கு 90,000.

எல்லாம் சேர்த்தா வருஷத்துக்கு 2,22,600 ரூபாய். இதுல டீசல் சேரல.

இப்போ வகுத்துப் பாருங்க:

- வருஷம் 20 இரவு தங்கினா, ஒரு இரவுக்கு 11,130 ரூபாய்
- 60 இரவு தங்கினா 3,710 ரூபாய்
- 100 இரவு தங்கினா 2,226 ரூபாய்

2,500 ரூபாய் ரூமோட ஒப்பிட்டா, வருஷம் 89 இரவு வேன்ல தூங்கினாதான் கணக்கு சமமாகும். வருஷத்துல 52 வீக்கெண்ட்தான். வெள்ளி, சனி ரெண்டு ராத்திரியும் வெளியே தங்குறதா வச்சாலும் 45 வீக்கெண்ட் ஊர்ல இருக்கக் கூடாது! ஊர்ல கல்யாணம், காதுகுத்து, ரிலீஸ் டே சப்போர்ட் எல்லாத்தையும் கழிச்சுட்டு உங்க காலண்டரைப் பாருங்க.

வொர்க் ஃப்ரம் ஹோம் நிரந்தரமா இருக்கிறவங்க, மலைப் பகுதிகள்ல மாசக்கணக்குல ஷூட் பண்றவங்க, வாடகை வீட்டையே காலி பண்ணிட்டுப் போறவங்க: இவங்களுக்குக் கணக்கு வேற. மாசம் 15,000 வாடகை மிச்சமானா வருஷம் 1,80,000 அங்கேயே ஈடாகும். செவ்வாய் முதல் வியாழன் வரை ஆபீஸ் போறவங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

4. லோன் போட்டா?

வண்டிக்கு லோன் தருவாங்க; உள்ளே இருக்கிற கட்டிலுக்குத் தர மாட்டாங்க. அதனால பலர் பர்சனல் லோன் பக்கம் போறாங்க. 5 லட்சம், 14% வட்டி, 4 வருஷம்னா இஎம்ஐ சுமார் 13,660 ரூபாய். மொத்த வட்டி மட்டும் ஏறக்குறைய 1,56,000. அதுவே 2,500 ரூபாய் ரூம்ல 62 இரவு.

60,000 சம்பளத்துல 13,660 என்பது கிட்டத்தட்ட 23 சதவீதம். மதிப்பு குறைஞ்சுக்கிட்டே போற, அவசரத்துக்கு வித்தா பாதி விலைக்குப் போற ஒரு பொருளுக்காக. கேம்பரா மாத்தின வண்டியை சரக்குக்காரரும் வாங்க மாட்டார், ஃபேமிலிக்காரரும் வாங்க மாட்டார். அதே பைத்தியம் பிடிச்ச இன்னொருத்தரைத் தேடணும். எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசத்துக்கு இல்லாதவங்க இந்த லோனைத் தொடவே வேண்டாம்.

5. இத்தனைக்கும் பிறகு செய்யுறதா இருந்தா

*வண்டி பார்க்கும்போது:* டெலிவரிக்கு ஓடின வண்டி பாரம் சுமந்தது. தரைத் தகடு, கதவு தண்டவாளம், சக்கர வளைவு மூணுலயும் துருவைப் பாருங்க. பட்டைச் சுருள் தொய்ஞ்சிருக்கான்னு பாருங்க. பரிவாகன் தளத்துல எஃப்சி, வரி, இன்சூரன்ஸ் தேதி, நிலுவை சலான் எல்லாம் தெரியும். ஹைப்பாத்திகேஷன் இருந்தா ஃபார்ம் 35, பேர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30, வேற மாநிலம்னா ஃபார்ம் 28 என்ஓசி. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டினா எஃப்சி ஒவ்வொரு வருஷமும் எடுக்கணும் என்பதையும் விலை பேசும்போது ஞாபகம் வச்சுக்கோங்க.

*எடை:* 12 மில்லிமீட்டர் எட்டுக்கு நாலு பிளைவுட் ஒண்ணு 20 கிலோவுக்கு மேல. பத்து ஷீட் போட்டா 200 கிலோ. 100 லிட்டர் தண்ணி 100 கிலோ. ஆர்சி-யில் இருக்கிற மொத்த எடையைத் தாண்டாம, ரெண்டு பக்கமும் சமமா வர்ற மாதிரி வைக்கணும். மலை இறக்கத்துல பிரேக் இதைத்தான் கேட்கும்.

*கரன்ட்:* 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-அவர் இருக்கும். ஃபேன், லைட், லேப்டாப், சின்ன ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்குத் தாங்கும். 1,000 வாட் இழுக்கிற ஏசி போட்டா ஒரு மணி நேரம் சொச்சம்தான். 200 வாட் சோலார் நல்ல வெயில்லகூட ஒரு நாளைக்கு 600, 700 வாட்-அவர்தான் தரும். சித்திரை வெயில்ல சமவெளியில் தகர வண்டிக்குள்ள தூங்கிடலாம்னு யாராவது சொன்னா, அவங்களை மே மாசம் வேலூர்ல ஒரு ராத்திரி தூங்கிக் காட்டச் சொல்லுங்க.

*உயிர்:* 2024 டிசம்பர்ல கேரளாவின் வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்ததுதான் காரணம்னு ஆய்வுல தெரிஞ்சது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்துல எழுப்பாது. அதனால என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓட விட்டுட்டு உள்ளே தூங்கவே கூடாது. மூடின வண்டிக்குள்ள அடுப்பு எரிக்கக் கூடாது. பின் கதவைத் திறந்து வெளியே சமைங்க. சமையல் கேஸ் காத்தை விட கனமானது, கசிஞ்சா தரையில் தேங்கும்; அதனால காத்துத் துளை மேல மட்டும் இருந்தா போதாது, தரை மட்டத்துலயும் வேணும். கார்பன் மோனாக்சைடு அலாரம், ஒரு தீயணைப்பான் இந்த ரெண்டும் பட்ஜெட்ல முதல் வரியா இருக்கட்டும், கடைசி வரியா இல்ல.

6. சம்பளக்காரருக்கான வரிசை

ஒண்ணு: முதல்ல ஒரு கேரவனை மூணு நாள் வாடகைக்கு எடுங்க. கேரளாவுல 2021-ல் அரசே கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டு வந்ததால அங்கே விசாரிச்சுப் பார்க்கலாம். வாடகை அதிகமாத்தான் தெரியும். ஆனா 7.8 லட்சம் போடலாமா வேண்டாமா என்பதற்கான ட்யூஷன் ஃபீஸா நினைச்சா மலிவு. ராத்திரி டாய்லெட்டுக்கு எங்கே போறதுன்னு முதல் நாளே தெரிஞ்சிடும்.

ரெண்டு: பின் சீட் மடங்குற கார் வீட்ல இருந்தா, வெல்டிங் இல்லாம, துளை போடாம, எடுத்து வைக்கிற மாதிரி ஒரு பலகைப் பெட்டி, மெத்தை, கொசுவலை செஞ்சுக்கோங்க. சீட்டைக் கழட்ட வேண்டாம். ஓடும்போது பெட்டியை பெல்ட் போட்டுக் கட்டுங்க. 20,000, 25,000 ரூபாய்ல முடிஞ்சிடும். ஆர்சி-யில் எதுவும் மாறாது. திங்கட்கிழமை அதே கார்ல ஆபீஸ் போகலாம்.

மூணு: இப்படி ஒரு வருஷத்துல எத்தனை இரவு நிஜமா தங்கினீங்கன்னு எழுதி வைங்க. 15 வந்தா, அங்கேயே நிறுத்திக்கோங்க. 60-ஐத் தாண்டினா, வேன் உங்களுக்கு ஆசை இல்ல, தேவை. அப்போ சான்று வச்சிருக்கிற பில்டர்கிட்ட, கேம்பர்னே பதிவாகிற வண்டியை வாங்குங்க. விலை கூட இருக்கும். இன்சூரன்ஸும் மறுவிற்பனையும் அந்த வித்தியாசத்துக்குள்ளேயே இருக்கு.

நாலு: அதுவரைக்கும் மாசம் 10,000 தனி ஆர்டியில் போட்டு வைங்க. மூணு வருஷத்துல அசல் மட்டும் 3,60,000. அப்பவும் ஆசை குறையலைன்னா டவுன் பேமென்ட் கையில் இருக்கும். குறைஞ்சிருந்தா பணம் கையில் இருக்கும்.

எக்ஸெல்லைத் திறந்து உங்க எண்களைப் போட்டு, ஒரு இரவுக்கு எவ்வளவு வருதுன்னு முதல்ல பாருங்க. அந்த ஒரு எண்ணைப் பார்த்துட்டு ஓஎல்எக்ஸ் பக்கம் போங்க. அடுத்த பதிவுல பழைய வண்டி வாங்கும்போது இன்சூரன்ஸ் பேர் மாற்றம், நோ க்ளெய்ம் போனஸ் பத்திப் பார்க்கலாம்.