பாரதம் வைக்கிற ஊர்

ஆரணி வட்டாரத்தில் ஓர் ஊர் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் வைப்பதென்று, அதாவது மகாபாரதத்தைப் பகலில் படித்தும் இரவில் கூத்தாக ஆடியும் விழா எடுப்பதென்று, முடிவெடுத்தால், பங்குனி பிறப்பதற்கு வெகு முன்பே வேலை தொடங்கிவிடும். கோயில் முன்னால் ஊர் கூடி, தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி என்று பேசி முடிப்பார்கள். நெசவு ஊர்களில் இந்த வரியைத் தவணையாக வாங்குவதுதான் நியாயம். தறியிலிருந்து சேலையை அறுத்துக் கொடுத்தால்தானே நெசவாளி கையில் கூலி வரும்!

அடுத்தது, பாரதம் படிக்கிற பிரசங்கியாரையும் கூத்து வாத்தியாரையும் அமர்த்துவது. பங்குனியிலிருந்து ஆடி வரை நல்ல ஜமாக்களுக்கு, அதாவது கூத்துக் குழுக்களுக்கு, ஓய்வே கிடையாது. அதனால் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்து முன்கூட்டியே தேதியை உறுதி செய்துகொள்ள வேண்டும். உள்ளூர்க்காரர்களே வேஷம் கட்டும் ஊர்களும் உண்டு. அங்கே வாத்தியார் வந்து, வேலை முடிந்த இரவுகளில் மாதக்கணக்கில் பாட்டும் அடவும் சொல்லிக் கொடுப்பார். தன் வேஷத்துக்கான பாட்டை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் எந்த இடத்தில் எந்தக் கேள்வியைப் போடுவான் என்று யாருக்கும் தெரியாது. பதில் சொல்ல முழுக்கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு எந்த இரவு எந்தக் கூத்து என்று பேசி வரிசைப்படுத்துவார்கள். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று போகும். செலவுக்குப் பயந்து இரவுகளைக் குறைக்கிற ஊர்கள் இப்போது பெருகிவிட்டன. பந்தலையும் வாணவேடிக்கையையும் குறைத்துக்கொள்ளலாம்; இரவுகளைக் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சபையில் திரௌபதி பட்ட அவமானத்தை ஊர் கண் விழித்துப் பார்த்திருந்தால்தான் கடைசி நாளில் அவள் கூந்தலை முடியும்போது நெஞ்சு அடைக்கும்.

கொடியேற்றிக் காப்புக் கட்டியதும் பிரசங்கம் தொடங்கும். பிற்பகலில் வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார் பிரசங்கியார். பகலில் காதால் கேட்ட கதையை ஊர் இரவில் கண்ணால் பார்க்கும்.

வேஷம் கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்து, கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு அவரவரே முகத்தில் எழுதிக்கொள்வார்கள். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. பிறகு கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டியவை இவை. கயிற்றை ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் முடிச்சுப் போடுவார். விடியும் வரை சுழன்று ஆட வேண்டுமே, முடிச்சு நெகிழக் கூடாது. அதற்குள் வெளியே மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் சேர்ந்து முழங்கிக் களரி கட்டியிருக்கும். இரண்டு பேர் திரை பிடிக்க, ராஜா வேஷக்காரர் அதன் பின்னால் நின்றே பாடுவார். முதலில் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும், பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும். தூங்கிப்போன பிள்ளைகளைத் தாய்மார் எழுப்பி உட்கார வைப்பது இந்த நேரத்தில்தான்.

துகில் இரவில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட பிறகே துச்சாதனன் சேலையில் கை வைப்பார். அதுவரை பேசிச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிடும். திரௌபதி வேஷத்தை வழிவழியாக ஆண்களே கட்டி வந்தார்கள். 1990-இல் காஞ்சிபுரத்தில் உருவான கட்டைக்கூத்துச் சங்கம் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்து அந்த வழக்கத்தை மாற்றியது. வரவேற்க வேண்டிய மாற்றம்.

தபசு அன்று நெடிய மரம் நட்டு, அர்ச்சுனன் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறி அங்கிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் கீழே காத்திருப்பார்கள். கர்ண மோட்சத்தைக் கோயிலில் மட்டுமல்ல, சாவு வீட்டுக் காரியத்திலும் ஆடுவதுண்டு.

இந்தக் கூத்து ஊர்க் கோயிலோடு நின்றுவிடவில்லை. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்ப தம்பிரான் ஆடிய கூத்தைச் சென்னை நாடகக்காரர்களுக்குக் காட்டியவர், 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி. அதன் பிறகு கூத்து நகர மேடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போனது, பெருமைதான். ஆனால் படுகளத்தை எந்த மேடைக்கும் கொண்டுபோக முடியாது.

பதினெட்டாம் போர் ஆடிய மறுநாள் காலைதான் படுகளம். திறந்த வெளியில் மண்ணைக் குழைத்து, துரியோதனனைப் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்து வண்ணம் தீட்டியிருப்பார்கள். இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் வேஷம் கலைக்காமல் அங்கே வந்து, மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள். பீமன் தொடையில் அடித்ததும் உள்ளே வைத்திருந்த செந்நீர் வெளிப்படும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடிவாள். மாலையில் காப்புக் கட்டியவர்கள் தீ மிதிப்பார்கள்.

தருமர் பட்டாபிஷேகத்தோடு கொடி இறங்கும். வாத்தியாருக்கும் பிரசங்கியாருக்கும் பாக்கியைத் தீர்த்து வேட்டி துண்டு மரியாதை செய்து அனுப்பிவிட்டு, வரவு செலவை ஊர் கூட்டிப் படித்துக் காட்ட வேண்டும். மிச்சம் இருந்தால் அது அடுத்த பாரதத்துக்கு.